பழைய வண்டியைப் பறக்கவைத்த பர்ட் மன்ரோ

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். அங்கே போனவில் என்ற இடத்தில் ஒரு பெரிய உப்பு வெளி இருக்கிறது.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. தண்ணீர் வற்றிவிட்டது. உப்பு மட்டும் இறுகித் தரையாக நிற்கிறது. மரம் இல்லை, மேடு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என்று உப்பு!

வேகப் பைத்தியங்கள் கூடும் இடம் அது. கார் கொண்டுவருவார்கள், மோட்டார் சைக்கிள் கொண்டுவருவார்கள். யார் வேகமாகப் போகிறார்கள் என்று அங்கே அளந்து பார்ப்பார்கள்.

1962ஆம் ஆண்டில் அந்த உப்பு வெளிக்கு ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். வயது 63. நெஞ்சு வலிக்காரர். கையில் பணமும் அதிகம் இல்லை. நியூசிலாந்து நாட்டின் தென்கோடியிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தார்.

அவர் கொண்டுவந்த மோட்டார் சைக்கிளும் கிழடுதான். அதன் வயது 42.

அந்த வண்டியின் பெயர் என்ன தெரியுமா? இந்தியன்!

பெயரைப் பார்த்து நம் நாட்டில் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனி தன் வண்டிகளுக்கு வைத்த பெயர் அது. 'இந்தியன் ஸ்கவுட்' என்பது அந்த வண்டியின் முழுப் பெயர்.

கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் (88 கிலோமீட்டர்). அதற்கு மேல் முறுக்கினாலும் போகாது.

1962இல் அதே வண்டியைக் கிழவர் அந்த உப்பின் மேல் ஓட்டினார். அதிகாரிகள் குறித்த வேகம் மணிக்கு 178.95 மைல் (288 கிலோமீட்டர்). அவர் வண்டி சேர்ந்த பிரிவில் அது உலக சாதனை!

55 மைல் வண்டி 178 மைல் போனது எப்படி? தொழிற்சாலையில் கொடுத்து மாற்றினாரா? என்ஜினீயர்களை வைத்துச் செய்தாரா?

இல்லை. வீட்டுப் பட்டறையில், தன் இரண்டு கைகளால் செய்தார். அதற்கு அவர் கொடுத்த விலையோ கொஞ்சம் அல்ல.

பிழைக்காது என்ற பிள்ளை

அவர் பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. பர்ட் என்று கூப்பிடுவார்கள். 1899ஆம் ஆண்டு மார்ச் 25ந் தேதி இன்வர்கார்கில் என்ற ஊரில் பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறந்தபோதே இறந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று டாக்டர்கள் பெற்றோரிடம் சொன்னார்கள்.

பிள்ளை தாண்டிவிட்டது!

தகப்பனார் விவசாயி. பண்ணை ஈடன்டேல் என்ற கிராமத்தில் இருந்தது. இருப்பதிலேயே வேகமான குதிரை எதுவோ அதில்தான் சிறுவன் பர்ட் ஏறுவான். அதை விரட்டு விரட்டு என்று விரட்டுவான். தகப்பனாருக்குக் கோபம் வரும்.

இளைஞர் ஆனதும் குதிரை போய் மோட்டார் சைக்கிள் வந்தது. நடுவில் கொஞ்ச காலம் ஒட்டிரா என்ற மலையைக் குடைந்து ரெயில் பாதை போடும் வேலைக்குப் போனார். பிறகு தகப்பனார் கூப்பிட்டதால் பண்ணைக்குத் திரும்பினார்.

1920இல் அந்த இந்தியன் ஸ்கவுட் வண்டியை வாங்கினார். அந்த ரகத்தில் கம்பெனி செய்த 50ஆவது வண்டி அது. வாங்கும்போது அவருக்கு வயது 21. கடைசி வரை அவர் அதை விடவில்லை. கட்டிய மனைவியுடன் வாழ்ந்ததைவிட அதிக காலம் அந்த வண்டியுடன்தான் வாழ்ந்தார்.

என்ஜினுக்கும் மூச்சு உண்டு

1926இல் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலையைத் தொடங்கினார்.

ஒரு என்ஜினுக்கு வேகம் எங்கிருந்து வருகிறது? அதைத் தெரிந்துகொண்டால்தான் மன்ரோ என்ன செய்தார் என்பது புரியும்.

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். துருத்தி பெரிதாக இருந்தால் நிறையக் காற்று வரும். நெருப்பு நன்றாகப் பிடிக்கும். என்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் கலந்த காற்றை இழுக்கிறது, அழுத்துகிறது, கொளுத்துகிறது, புகையை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு நிறைய, எவ்வளவு சீக்கிரம் இழுத்துத் தள்ளுகிறதோ அவ்வளவு பலம்.

மன்ரோவின் வண்டியில் இரண்டு சிலிண்டர்கள். இரண்டும் சேர்ந்து 600 சி.சி. அளவு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார். 1962இல் அது 850 சி.சி. 1967இல் 950 சி.சி. வண்டி அதே வண்டி. வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது!

வயிறு பெருத்தால் போதுமா? மூச்சு நேராகப் போக வேண்டும். காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடும் கதவுகளுக்கு வால்வு என்று பெயர். அந்தக் காலத்து இந்தியன் வண்டியில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. காற்று சந்து வழியாகச் சுற்றித் திரும்பி உள்ளே வர வேண்டும். மன்ரோ அவற்றைச் சிலிண்டரின் தலைக்கு மேலே கொண்டுபோனார். காற்று மேலிருந்து நேராக விழுந்தது. என்ஜினின் தலைப்பகுதியையே புதிதாகச் செய்தால்தான் இந்த மாற்றம் முடியும். அதையும் செய்தார்.

வால்வுகளைத் தூக்கி இறக்கும் உறுப்புக்குக் 'கேம்' என்று பெயர். கம்பெனி வைத்தது இரண்டு கேம். இரண்டு கேம், நான்கு வால்வுகளுக்கும் பொது. மன்ரோ அதை நான்காக மாற்றினார். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனிக் கேம். எது எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை இப்போது அவரே முடிவு செய்யலாம்.

இதெல்லாம் பெரிய கம்பெனிகள் படம் வரைந்து, கணக்குப் போட்டுச் செய்கிற காரியங்கள். மன்ரோ கல்லூரிப் பக்கம் போகாதவர். செய்து பார்ப்பார். உடைந்தால் ஏன் உடைந்தது என்று யோசிப்பார். மறுபடி செய்வார்.

பழைய தகரமும் டிராக்டர் இரும்பும்

புதுச் சாமான் வாங்கப் பணம் இல்லை. அதனால் குப்பையில் கிடப்பதெல்லாம் அவருக்குச் சரக்கு.

பழைய உலோகத்தை உருக்கித் தகர டப்பாக்களில் ஊற்றிப் பிஸ்டன் வார்த்தார். பூமிக்கு அடியில் பதிக்கும் பழைய வார்ப்பிரும்புக் குழாயை அறுத்துக் கடைந்து சிலிண்டர் செய்தார். நுட்பமாக அளப்பதற்கு மைக்ராமீட்டர் என்ற கருவி வேண்டும். விலை அதிகம். சக்கரத்தின் ஆரக்கம்பியை வைத்து அதையும் தாமே செய்துகொண்டார்!

பிஸ்டனையும் அதன் கீழே சுழலும் தண்டையும் இணைக்கும் கம்பிக்குக் கனெக்டிங் ராடு என்று பெயர். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் இழுபடுவது அதுதான். வேகம் கூடக் கூட அது படீர் என்று ஒடியும். ஒடிந்த துண்டு என்ஜினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஓட்டுகிறவருடைய கால்களுக்கு நடுவில்தான் அந்த என்ஜின் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேட்டர்பில்லர் டிராக்டரின் உடைந்த அச்சுத்தண்டு ஒன்று மன்ரோவுக்குக் கிடைத்தது. உறுதியான எஃகு. அதைச் செதுக்கி, அரம் போட்டு, மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கனெக்டிங் ராடு ஆக்கினார்.

ராடு பலமானதும் அதோடு முடிந்ததா? அதுதான் இல்லை. ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது உடையும். என்ஜினின் புதிய பலத்தைத் தாங்க முடியாமல் கிளட்ச் வழுக்கியது. பதினேழு தகடுகள் வைத்துப் புதிய கிளட்ச் செய்தார். அந்தத் தகடுகளைச் சுமார் 450 கிலோ எடையின் அழுத்தத்தில் இறுக்கினார்.

இப்படி வெடித்த பிஸ்டன்களும் ஒடிந்த ராடுகளும் எத்தனை எத்தனையோ. அவற்றை அவர் வீசி எறியவில்லை. பட்டறையில் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி வைத்தார். வேகத்தின் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று அதற்குப் பெயரும் எழுதி வைத்தார். நம் ஊர் முருகன் கோவிலில் வெள்ளியால் கண்ணும் காலும் செய்து போடுவார்களே, அந்த மாதிரி! ஆனால் இவர் போட்டதெல்லாம் உடைந்த சாமான்.

மனைவி போனார்

பகலில் மோட்டார் சைக்கிள் விற்கும் வேலை, பழுது பார்க்கும் வேலை. இரவில் சொந்த வண்டி. விடிய விடியக் கண் விழித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

1927இல் அவருக்குக் கலியாணம் ஆனது. நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். நாட்டிலே பஞ்ச காலம். வேலை கிடைப்பதே அரிதாக இருந்த 1930கள் அவை. அந்த நாளிலும் அவருடைய நேரத்தையும் உழைப்பையும் வண்டிதான் விழுங்கியது.

1940களின் பிற்பகுதியில் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். அந்த அம்மாள்மேல் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? இருபது ஆண்டு பொறுத்தாரே, அது பெரிது.

மன்ரோ வேலையையும் விட்டார். இன்வர்கார்கில் ஊரில் ஒரு கொட்டகை கட்டிக்கொண்டார். கார் நிறுத்தும் கொட்டகை மாதிரி சின்ன இடம். ஒரு பக்கம் கட்டில். மறுபக்கம் இந்தியன் வண்டியும், வெலோசெட் என்ற இன்னொரு வண்டியும், கருவிகளும். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் அதற்குள்தான். நாளுக்குப் பதினாறு மணி நேரம் வீதம் பத்து ஆண்டுகள் அங்கே உழைத்ததாகப் பிற்காலத்தில் அவரே கணக்குச் சொன்னார்.

மணலில் பந்தயம்

செய்த வண்டியை ஓட்டிப் பார்க்க இடம் வேண்டாமா? ஊருக்குப் பக்கத்தில் ஓரெட்டி என்ற கடற்கரை இருந்தது. 26 கிலோமீட்டர் நீளம். அலை வடிந்த நேரத்தில் ஈர மணல் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடக்கும். அதுதான் மன்ரோவின் பந்தயத் திடல்.

தார் ரோட்டில் ஓட்டுவது வேறு. மணலில் ஓட்டுவது வேறு. தார் ரோட்டில் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். மணலில் திடீரென்று முறுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மணல்தான் பின்னால் பறக்கும், வண்டி போகாது. உப்பிலும் அதே தொல்லை.

என்ஜினில் எவ்வளவு பலம் இருந்தால் என்ன? சக்கரம் அதைத் தரைக்குக் கொடுக்க வேண்டுமே! ஆகவே அத்தனை பலத்தையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. தரை தாங்கும் அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். எத்தனை கருவி இருந்தாலும் இதற்கு ஓட்டுகிறவன் கைதான் அளவுகோல். முப்பது ஆண்டு மணலில் ஓட்டி அந்தக் கை மன்ரோவுக்குப் பழகியிருந்தது.

1938இல் நியூசிலாந்து சாதனை ஒன்றை முதன்முதலாக ஏற்படுத்தினார். பிறகு இன்னும் ஏழு. 1957இல் கடற்கரை மணலில் மணிக்கு 130 மைலுக்கு மேல் (210 கிலோமீட்டர்) போய் இன்னொரு சாதனை. அப்போது வயது 57.

நெஞ்சு வலி வரத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

வேறு ஒருவராக இருந்தால் வண்டியை மூடி வைத்திருப்பார். மன்ரோ நினைத்தது வேறு. இன்வர்கார்கில் கடற்கரையில் எவ்வளவுதான் ஓடினாலும் உலகம் பார்க்கப் போவதில்லை. வண்டி எவ்வளவு போகும் என்பதைக் காணப் போனவில் உப்பு வெளி வேண்டும். இருக்கும் நாள் எத்தனையோ? காத்திருக்க முடியாது!

உப்பின் மேல்

போனவிலில் சட்டம் கண்டிப்பு. வண்டி ஒரு முறை வேகமாகப் போனால் சாதனை ஆகாது. போக ஒரு ஓட்டம், எதிர்த் திசையில் திரும்ப ஒரு ஓட்டம். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் தடுக்கும் அல்லவா? அதற்காக இந்த ஏற்பாடு. தரையில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். கண்ணைக் கூசும் வெள்ளையில் அந்தக் கோடுதான் வழிகாட்டி.

மன்ரோவின் வண்டியைச் சுற்றி மீன் போல நீளமான ஒரு கூடு. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக. அதற்குள் குப்புறப் படுத்துத்தான் ஓட்ட வேண்டும். காலால் உதைத்துக் கிளப்ப முடியாது. பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். தள்ளுவதற்கு ஆள்?

அங்கே ரோலி பிரீ என்ற அமெரிக்கர் நண்பர் ஆனார். அவரும் சாதாரண ஆள் அல்ல. 1948இல் அதே உப்பு வெளியில், குளிக்கும் கால்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, வண்டிமேல் நீட்டிப் படுத்தபடி 150 மைல் வேகம் போனவர். வேகம் தெரிந்தவருக்குத்தான் வேகம் தெரிந்தவரின் அருமை தெரியும். அவரும் மற்றவர்களும் கிழவருக்குக் கைகொடுத்தார்கள்.

1962இல் முதல் சாதனை. 1966இல் ஆயிரம் சி.சி. பிரிவில் 168 மைல், இரண்டாவது சாதனை. இந்தியன் வண்டி செய்த கம்பெனி 1953லேயே அந்தத் தொழிலை நிறுத்திவிட்டது. பின்னாளில் வேறு முதலாளிகள் வந்து அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. மன்ரோ உப்பின் மேல் பறந்தபோது அவருக்கு உதிரிச் சாமான் தரக் கம்பெனி இல்லை. அவரே கம்பெனி!

1967. வயது 68. அந்த ஆண்டு ஓட்டம் ஒன்றில் உயிர் தப்பியது பெரும்பாடு.

பாதித் தூரம் தாண்டியிருக்கும். வண்டி ஆடத் தொடங்கியது. அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் புரண்டுவிடும். மன்ரோ ஒரு யுக்தி செய்தார். படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சிலே காற்று அறைந்தால் வேகம் குறையும் என்ற கணக்கு. ஆனால் காற்று அவர் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கறுப்புக் கோடு எங்கே என்று தெரியவில்லை. தரையில் நட்டிருந்த ஓர் இரும்புக் கம்பத்துக்கு இரண்டொரு அங்குலம் தள்ளி வண்டி பாய்ந்தது. வேறு வழியில்லாமல் வண்டியை உப்பின் மேல் சாய்த்துச் சறுக்கவிட்டார்.

எழுந்தபோது உடம்பில் சிராய்ப்புகள்தான். பெரிய காயம் இல்லை.

அதே ஆண்டில்தான் மூன்றாவது சாதனை. தகுதி ஓட்டத்தில் ஒரு வழியில் 190 மைல் (305 கிலோமீட்டர்). இரு வழிச் சராசரி மணிக்கு 183.586 மைல். ஆயிரம் சி.சி. பிரிவில் உலக சாதனை.

இதைப் படிக்கும் இளைஞர்கள் தம் வண்டியைப் பிரித்துப் போடக் கிளம்பிவிட வேண்டாம். மன்ரோ ஓட்டியது ஆள் இல்லாத உப்பு வெளி. பக்கத்திலே அதிகாரிகளும் ஆம்புலன்சும் உண்டு. நம் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

இரும்புக் கடையில் இந்தியன்

1975இல் டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இனிப் பந்தயம் கூடாது. 1977இல் பக்கவாதம் வந்தது. கையும் காலும் முன்போல ஒத்துழைக்கவில்லை. வேகம் அறிந்த கைக்கு வண்டி பிடிபடவில்லை.

வண்டிகளை என்ன செய்வது? தம்மோடு போய்விடக் கூடாது. வெளியூருக்கும் போகக் கூடாது என்று மன்ரோ நினைத்தார். உள்ளூர் இரும்புக் கடைக்காரர் நார்மன் ஹேய்ஸ் என்பவரிடம் இரண்டையும் விற்றார். 57 ஆண்டு கையை விட்டுப் போகாத இந்தியன் அப்போதுதான் போனது.

1978 ஜனவரி 6ந் தேதி மன்ரோ காலமானார். வயது 78. இரண்டு வயது தாண்டாது என்ற பிள்ளை!

ஆணியும் சுத்தியலும் விற்கும் அந்தக் கடையிலே இந்தியன் காட்சிக்கு வந்தது. மன்ரோ உயிருடன் இருந்தபோதே அவரைப் பற்றிச் சிறிய படம் எடுத்த ராஜர் டொனால்ட்சன் என்பவர், 2005இல் அவர் கதையைப் பெரிய சினிமாவாகவே எடுத்தார். மன்ரோவாக நடித்தவர் புகழ்பெற்ற நடிகர் அந்தோணி ஹாப்கின்ஸ். பல நாடுகளில் ஓடியது. இன்வர்கார்கில் ஊரைக் கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள்.

சாதனைக் கணக்கில் மட்டும் ஒரு பாக்கி இருந்தது. 1967இன் இரண்டு ஓட்டங்களின் சராசரியைப் போட்டபோது யாரோ தவறு செய்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து மன்ரோவின் மகன்தான் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தெரிவித்தார். சங்கம் கணக்கைச் சரிபார்த்து 2014இல் திருத்தியது. 183.586 அல்ல, 184.087 மைல்.

அரை மைல் கூடியது. மன்ரோ இறந்து அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.